பதில் மட்டும் தெரிந்த பாட்டுக்காரி

கொல்லிமலைக்கு ரோடு வருவதற்கு முன்னால் நடந்தது இது. எந்த வருஷம் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. எனக்குக் கல்யாணமாகி வந்த இரண்டாவது ஆடி. மூத்தவன் அப்போது வயிற்றில்கூட வரவில்லை. அவனுக்கே இப்போது தலை முழுக்க நரைத்துவிட்டது, நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். இடம், அறப்பளீஸ்வரர் கோயில் பக்கம். நாள், ஆடிப் பதினெட்டு.

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதுகிறாள். நான் 'ஊடு' என்றால் அவள் 'வீடு' என்று எழுதுகிறாள். நான் ஒரு பேச்சிலிருந்து இன்னொரு பேச்சுக்குத் தாவினால் பேனாவை வைத்துவிட்டு முறைக்கிறாள். அவள் முறைப்பதற்குள் விஷயத்துக்கு வந்துவிடுகிறேன்.

நான் பிறந்தது எடப்புளி நாடு, வாக்கப்பட்டது திண்ணனூர் நாடு. எங்கள் மலையில் நாடு என்றால் பத்துப் பதினைந்து ஊர் சேர்ந்தது. ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்குப் போக அரை நாள் நடந்தால் போதும், ஆனால் பழக்கமெல்லாம் கொஞ்சம் கொஞ்சம் மாறும். கூழ் காய்ச்சுகிற பக்குவம் மாறும், சேலை கட்டுகிற விதம் மாறும். பாட்டும் மாறும். அந்தப் பாட்டில்தான் நான் மாட்டிக்கொண்டேன்.

மாமியார் நான் வருவதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். வீட்டில் நான், என் வீட்டுக்காரர், அவருடைய அக்கா, மூன்றே பேர்தான். அந்த அக்காவை நான் நங்கையா என்று கூப்பிடுவேன். பெரக்கரை நாட்டில் வாழப் போனவர். புருஷன் காய்ச்சலில் போய்விட்டார், பிள்ளைகுட்டி இல்லை, தம்பி வீட்டுக்கே திரும்பி வந்துவிட்டார். நெடுநெடுவென்று உயரம். சிரிக்கவே மாட்டார், ஆனால் அவர் சொல்வதைக் கேட்டு மற்றவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். நான் முதன்முதலில் வைத்த குழம்பைச் சாப்பிட்டுவிட்டு, "ஏம் புள்ள, உங்க நாட்டுல உப்பு கண்டுபுடிச்சாச்சா?" என்று கேட்டவர். அன்று ராத்திரி முழுக்க அழுதேன். மறுநாள் காலையில் பார்த்தால், அடுப்பு மேடையில் உப்புச் சட்டிக்குப் பக்கத்தில் அளவுக்கு ஒரு கொட்டாங்கச்சி வைத்திருக்கிறார். அப்படி ஒரு ஆள்.

எங்கள் இரண்டு பேரையும் ஒன்றாகக் கட்டியது பாட்டுதான். சாமைக் கொல்லையில் களை எடுக்கும்போது பாடுவோம். மேல் கோடியில் ஒருத்தி, கீழ் கோடியில் ஒருத்தி. மேலே இருக்கிறவள் கேள்வி கேட்பாள், கீழே இருக்கிறவள் பதில் சொல்வாள். கேட்டுக்கொண்டும் சொல்லிக்கொண்டும் களைக்கொத்தைப் போட்டபடி நகர்ந்தால் நடுக்கொல்லையில் வந்து சேரும்போது பாட்டும் முடியும், களையும் முடியும். நங்கையா கேள்விக்காரி, நான் பதில்காரி. எங்கள் குரல் இரண்டும் சேர்ந்தால் பக்கத்துக் கொல்லையில் ஏர் ஓட்டுகிற ஆண்கள் மாட்டை நிறுத்திவிட்டுக் கேட்பார்கள். எனக்கு அதில் பெரிய கர்வம். என் குரல் நல்ல குரல், இப்போது சொல்வதற்கு என்ன.

எங்கள் எடப்புளி நாட்டில் பாட்டு என்றால் பாட்டுதான். ஒரு சொல் மாறக் கூடாது, மாற்றினால் பெரியவர்கள் திட்டுவார்கள். திண்ணனூர் நாட்டில் அப்படி இல்லை. கேள்வி கேட்கிறவள் இஷ்டத்துக்கு மாற்றிக் கேட்பாள். முகத்துக்கு நேரே கேட்க முடியாததை எல்லாம் பாட்டில் வைத்துக் கேட்பார்கள். ஆண்கள் காதுக்கு அது பாட்டு, பெண்களுக்கு அது பேச்சு. இது எனக்கு அரைகுறையாகத் தெரியும். ஏதோ கேலிக்காக மாற்றுகிறார்கள் என்று நினைத்திருந்தேன். எப்படிக் கேட்டாலும் எங்கள் ஊரில் மனப்பாடம் செய்த பதிலையே சொல்வேன். அங்கே கேள்வி ஓடிக்கொண்டிருக்கும், இங்கே நான் அடுத்த பதிலை எந்தக் கட்டையில் எடுப்பது, எங்கே இழுப்பது என்று நெஞ்சுக்குள் பார்த்துக்கொண்டிருப்பேன்.

அந்த வருஷம் ஆனி கடைசியில், ஒரு நாள் களை எடுத்துவிட்டு வந்ததிலிருந்து நங்கையா என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார். ஏன் என்று தெரியவில்லை. கூழ்ப் பானையின் விளிம்பை உடைத்தேனே, அதற்கா? அவர் சீப்பை எடுத்துத் தலை சீவினேனே, அதற்கா? எனக்குள் ஆயிரம் யோசனை. என் வீட்டுக்காரரைக் கேட்டேன். அவர் எதற்கும் பதறாத மனுஷன். "மழை பேஞ்சா வெயில் அடிக்கும், வெயில் அடிச்சா மழை பேயும். உடு" என்றார். இது ஒரு பதிலா?

நேராகப் போய்க் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அவர்தானே பெரியவர், அவரே பேசட்டும் என்று எனக்கு வீம்பு. ஒரே வீட்டில், ஒரே அடுப்பில், இரண்டு பேரும் தண்ணீர்க் குடத்திடம் பேசுவது போலப் பேசிக்கொண்டிருந்தோம். "இந்த ஊட்டுல வெறகு தீந்து போச்சு" என்று அவர் குடத்திடம் சொல்வார். "கொண்டாந்தாச்சு" என்று நான் சட்டியிடம் சொல்வேன்.

ஆடி பிறந்ததும் பெரக்கரையிலிருந்து ஆள் வந்தார், நங்கையாவின் கொழுந்தனார். அவர் வீட்டில் சின்னப் பிள்ளைகள் நாலு பேர், பெண்சாதிக்கு உடம்பு முடியவில்லை. போன மாசமே சொல்லி அனுப்பினார்களாம், அண்ணி வந்து கூட இருந்தால் தேவலை என்று. நங்கையா எங்கள் இருவரையும் பார்க்காமல் அவரிடம் சொன்னார்: "ஆடிப் பதினெட்டுக்குக் கோயில்ல வந்து நில்லுங்க. நான் துணிமணி எடுத்துக்கிட்டு வந்தர்றேன். அங்கிருந்தே போயிரலாம். இங்க ஆரும் மறிக்கப் போறதில்ல."

என் வீட்டுக்காரர் வானத்தைப் பார்க்க வாசலுக்குப் போனார். நான் அடுப்பை ஊதுவது போலக் குனிந்துகொண்டேன். கண்ணில் தண்ணீர் வந்தது, புகை என்று சொல்லிக்கொள்ளலாம். நங்கையா போய்விட்டால் அந்த வீட்டில் எனக்கு யார் இருக்கிறார்கள்? எதற்காகப் போகிறார் என்றாவது தெரிந்தால் காலைப் பிடித்துக் கேட்டுக்கொள்ளலாம். அதுவும் தெரியவில்லை.

அப்படித்தான் அந்த ஆடிப் பதினெட்டுக்குப் போனோம். முன்னால் நங்கையா, கையில் ஒரு துணி மூட்டை. நடுவில் என் வீட்டுக்காரர். பின்னால் நான். மூன்று பேரும் ஒருவரோடு ஒருவர் பேசாமல் காலில் ஏறுகிற அட்டையைப் பிடுங்கிப் போட்டுக்கொண்டே நடந்தோம்.

கோயிலில் கூட்டமென்றால் கூட்டம். அடிவாரத்திலிருந்து ராசிபுரத்துக்காரர்கள், சேந்தமங்கலத்துக்காரர்கள் எல்லாம் விடியற்காலையிலேயே மலையேறி வந்திருந்தார்கள். ஆற்றில் குளிக்கிறவர்கள், மீனுக்குப் பொரி போடுகிறவர்கள், மொட்டை அடிக்கிறவர்கள். ஆனால் எல்லாவற்றையும் விட அதிகக் கூட்டம் ஒரு புளியமரத்தடியில்தான். அங்கே மைக் செட் கட்டியிருந்தார்கள்!

உங்களுக்கு அது சிரிப்பாக இருக்கும். எங்களில் பாதிப் பேர் அதற்கு முன் அதைப் பார்த்ததே இல்லை. மலைக்கு ரோடு போடுவதைப் பற்றிப் பேச ஒரு ஆபீஸர் வரப்போகிறாராம், அதற்காக அடிவாரத்திலிருந்து நாலு ஆள் தலைச்சுமையாகப் பாட்டரியையும் குழாயையும் தூக்கி வந்திருந்தார்கள். மரத்தில் கட்டியிருந்த குழாய் ஒரு பெரிய ஊமத்தம்பூ மாதிரி இருந்தது. எங்கள் ஊர்க் கிழவி ஒருத்தி அதன் அடியில் போய் நின்று, "உள்ளார எவன்டா ஒளிஞ்சிருக்கறவன்?" என்று தடியால் தட்டிப் பார்த்தாள்.

ஆபீஸர் வரவில்லை. பாதி மலையில் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டார், வருகிறார் வருகிறார் என்று சேதி வந்துகொண்டே இருந்தது. கூட்டம் கலைய ஆரம்பித்தது. மைக் செட்டுக்காரருக்குக் கவலை. எங்கள் ஊர்க்கவுண்டரிடம் போய்ச் சொன்னார்: "ஏனுங்க, யாராச்சும் நாலு பாட்டுப் பாடுனாச் சனம் நிக்குமுங்க."

ஊர்க்கவுண்டருக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. நேரே எங்களிடம் வந்தார். "ரெண்டு பேரும் ஏறுங்க. திண்ணனூர் நாட்டுக் கொரலு எப்பேர்ப்பட்டதுன்னு மத்த நாட்டுக்காரனும் கேக்கட்டும்."

நங்கையா மூட்டையைக் கைமாற்றிக்கொண்டார். "எனக்குத் தொண்ட கட்டிப் போச்சுங்க. அவ பாடுவா."

"ஒத்தையாவா?"

"அவளுக்கென்னங்க, எல்லாத்துக்கும் பதில் தெரியுமே."

என்ன குத்தல் அது என்று எனக்குப் புரியவில்லை. குத்தல் என்று மட்டும் புரிந்தது. பக்கத்தில் நின்ற எங்கள் ஊர்ப் பெண் ஒருத்தி வாயைப் பொத்திச் சிரித்தாள். "தலையில்லாம வாலு மட்டும் ஆடுமாக்கும்?"

எனக்குச் சுருக்கென்றது. "ஏன் ஆடாது? பாடறேனுங்க" என்று ஊர்க்கவுண்டரிடம் சொல்லிவிட்டு, சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு போய் ஏறிவிட்டேன்.

ஏறின பிறகுதான் கால் நடுங்கியது. மேடை என்றால் இரண்டு பலகை போட்டு வைத்திருந்தார்கள், அவ்வளவுதான். ஆனால் அதன் மேலிருந்து பார்த்தால் எங்கே பார்த்தாலும் முகம். கொல்லையில் பாடும்போது நான் தலையைக் குனிந்து சாமைப் பயிரைப் பார்த்துப் பாடுவேன். பயிர் நம்மைத் திரும்பிப் பார்க்காது. இங்கே அத்தனை கண்ணும் என்னையே பார்க்கிறது. "அம்மிணி, கொஞ்சம் தள்ளி நின்னு இதைப் பாத்துப் பாடுங்க. கையைக் கிய்ய வெச்சுராதீங்க" என்றார் மைக் செட்டுக்காரர். பயத்தில் நான் அந்தக் கம்பியையே கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். அது 'ஊய்' என்று கத்தியது. கூட்டத்தில் இரண்டு குழந்தைகள் அழ ஆரம்பித்தன. கையை எடுத்தேன். என் வளையல் சத்தம் மலை முழுக்கக் கேட்டது. நான் விட்ட பெருமூச்சும் கேட்டது.

சரி, பாட வேண்டும். வாயைத் திறந்தேன். அப்போதுதான் இடி விழுந்த மாதிரி ஒன்று புரிந்தது. எனக்குப் பாட்டு தெரியாது! பாதிப் பாட்டுதான் தெரியும். இத்தனை வருஷமும் பதிலை மட்டும்தான் பாடியிருக்கிறேன். கேள்வி ஒன்றுகூட நாக்கில் இல்லை. நாள் தவறாமல் கேட்ட கேள்விகள்தான், ஆனால் எந்த ஒன்றையும் காதில் வாங்கியதே இல்லை.

இறங்கி ஓடியிருப்பேன். ஆனால் நங்கையா கூட்டத்தின் ஓரத்தில், மூட்டையோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முன்னால் இறங்கக் கூடாது. கண்ணை மூடிக்கொண்டு தெரிந்ததைப் பாடிவிட்டேன்.

"சத்தம் போடறது நாந்தானக்கா,
சாமக் குருவி ஓட்டறேன்..."

குழாய் வழியாகக் கணீரென்று போனது. பாடிவிட்டுப் பழக்கத்தில் நிறுத்தினேன், அடுத்த கேள்வி வரும் என்று. எங்கிருந்து வரும்? பின்னால் எவனோ ஒருவன் கத்தினான்: "நீதான்னு தெரியுது அம்மிணி! ஆரு கேட்டா?"

சிரிப்பு. கொஞ்ச நஞ்சச் சிரிப்பில்லை. நிறுத்தினால் அழுதுவிடுவேன் என்று அடுத்த பதிலை எடுத்தேன்.

"மூணு பலாவும் பழுத்துதக்கா,
மூணையும் அணிலு தின்னுதக்கா..."

மறுபடியும் நிறுத்தம். பொரி விற்கிற அம்மா ஒருத்தி முன்னால் உட்கார்ந்திருந்தார். "போனாப் போவுது சாமி, அழுவாத! ஒரு படி பொரி வாங்கிக்க!" என்றார். கூட்டம் உருண்டு புரண்டு சிரித்தது. கேட்காமலே பதில் சொல்கிற பைத்தியம் ஒன்று மேடையேறியிருக்கிறது என்று ஆற்றில் குளித்துக்கொண்டிருந்தவர்கள்கூட ஈரத்துணியோடு வந்துவிட்டார்கள். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. மூன்றாவது பதிலைக் கத்தியே பாடினேன்.

"போற தண்ணி போகட்டுமக்கா,
புடிச்சு வெச்சு என்ன பண்ண?
அடுத்த மழ பேயாமலா
ஆடி மாசம் போயிருமா?"

அந்த வரியை ஏன் அவ்வளவு சத்தமாகப் பாடினேனோ தெரியாது. குழாய் பள்ளத்தைப் பார்த்து இருந்தது. எதிர் மலையில் போய் முட்டி என் குரல் திரும்பி வந்தது. 'போகட்டுமக்கா... கட்டுமக்கா...' என் குரலை நான் வெளியிலிருந்து கேட்டது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. வேறு யாரோ ஒருத்தி, ஈவு இரக்கம் இல்லாத ஒருத்தி, எதிர் மலையில் நின்றுகொண்டு 'போகட்டும்' என்று சொல்வது போல இருந்தது.

அந்த நிறுத்தத்தில்தான், ஆனி மாசத்துக் கேள்வி எனக்குக் கேட்டது. சத்தியமாகச் சொல்கிறேன், காதில் கேட்டது போலவே கேட்டது. வழக்கமாக அங்கே வரவேண்டிய கேள்வி, ஓடைத் தண்ணீர் ஒதுங்கி நிற்கப் பார்க்கிறதே, மறிக்கட்டுமா விடட்டுமா என்பது. அதற்குத்தான் இந்தப் பதில். ஆனால் அன்றைக்கு நங்கையா மேல் கோடியிலிருந்து கேட்டது அது இல்லை.

"பொறந்த ஊட்டு வாசலுல
பொழுதடைஞ்சு நிக்கிறேனே,
இருக்கட்டுமா, போயிரட்டா,
எந்தங்கமே சொல்லடியோ?"

பெரக்கரையிலிருந்து முதல் சேதி வந்த சமயம். போவதா, இருப்பதா என்று தம்பியிடம் கேட்க முடியாது. இப்போது வீடு யாருடையதோ அவளிடம் கேட்க வேண்டும். முகத்துக்கு நேரே எப்படிக் கேட்பது? பாட்டில் வைத்துக் கேட்டிருக்கிறார். நான் என் குரலின் அழகை நானே ரசித்துக்கொண்டு, 'போற தண்ணி போகட்டும், புடிச்சு வெச்சு என்ன பண்ண' என்று ராகம் இழுத்திருக்கிறேன். கொல்லை முழுக்க எதிரொலிக்க. பக்கத்துக் கொல்லைக்காரர்கள் மாட்டை நிறுத்திவிட்டுக் கேட்க.

இப்போது அதையே மறுபடியும் பாடியிருக்கிறேன், குழாய் வைத்து, ஊர் கூடிய இடத்தில்.

கண்ணைத் திறந்து பார்த்தேன். நங்கையா தலையைக் குனிந்துகொண்டார். மூட்டையைத் தோளில் போட்டார். கொழுந்தனார் நின்ற பக்கம் திரும்பி நடக்க ஆரம்பித்தார்.

எனக்குக் கூட்டம் மறந்துவிட்டது. நிஜமாகவே மறந்துவிட்டது. பயம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. என்னிடம் இருந்த பதில் எதுவும் அதற்கு உதவாது. கேள்வி கேட்கிற ராகம் உச்சத்தில் தொடங்கும், அதை நான் எடுத்ததே இல்லை. எடுத்தேன். குரல் கீறியது. கீறினால் கீறட்டும் என்று பாடினேன். யாரும் சொல்லித்தராத, மனப்பாடம் செய்யாத பாட்டு.

"போற தண்ணி நீதானா?
போகச் சொன்னவ நாந்தானா?
கேளாத காதுக்காரி
கேக்கறேனே நங்கையா!"

பாட்டில் எப்போதும் 'அக்கா' என்றுதான் வரும். நான் 'நங்கையா' என்றேன். எதிர் மலையும் 'நங்கையா' என்றது.

கூட்டத்தில் சிரிப்பு நின்றுவிட்டது. அவர்களுக்கு ஒன்றும் தெரியாது, இதுவும் பாட்டில் ஒரு பகுதி என்றுதான் நினைத்திருப்பார்கள். பொரிக்கார அம்மா படியைக் கீழே வைத்துவிட்டார். நங்கையா நின்றார். திரும்பவில்லை. எனக்கு அவர் முதுகு மட்டும்தான் தெரிந்தது.

எங்கள் மலையில் ஒரு பழக்கம் உண்டு, அது எல்லா நாட்டுக்கும் பொது. கேட்டவள் பதில் வரும்வரை நின்ற இடத்தை விட்டு நகரக் கூடாது. நகர்ந்தால் களை பாதியில் நின்றதாகக் கணக்கு. நான் முதல்முறையாகக் கேட்டவள். அதனால் நின்றேன்.

அந்த நேரம் பார்த்து ஆபீஸர் வந்து சேர்ந்தார். நனைந்த கோழி மாதிரி வியர்வையில் ஊறிப்போய், கையில் தொப்பி. மைக் செட்டுக்காரர் பதறிக்கொண்டு ஓடி வந்தார். "அம்மிணி, எறங்குங்க. ஆபீஸர் வந்துட்டாரு."

"இருங்க. இன்னும் பதில் வல்லீங்க."

"என்ன பதிலுங்க?"

"கேட்டிருக்கறனுங்க. வரோணுமில்ல."

இதுவும் குழாயில் போய்விட்டது. ஆபீஸர் ஒன்றும் புரியாமல் ஊர்க்கவுண்டரைப் பார்த்தார். ஊர்க்கவுண்டர் எங்கள் பழக்கம் தெரிந்தவர். "ஆமாங்க, பதில் வந்தாத்தானுங்க எறங்கலாம். செத்த நேரம் உக்காருங்க" என்று அவருக்கு ஒரு கல்லைக் காட்டினார். அந்த நல்ல மனுஷனும் உட்கார்ந்தார். ரோடு போட வந்தவர், எங்கள் வீட்டுச் சண்டை தீரட்டும் என்று புளியமரத்தடியில் கல்லின் மேல் உட்கார்ந்திருந்தார்! அவர் பேர் ஊர் எனக்குத் தெரியாது. நன்றாக இருக்கட்டும், எங்கே இருந்தாலும்.

எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை. பேத்தி கேட்கிறாள், ஒரு நிமிஷமா பாட்டி, ரெண்டு நிமிஷமா என்று. எனக்கு அது ஒரு போகச் சாமை விளைந்து அறுத்த நேரம். கொழுந்தனார் நங்கையாவிடம் ஏதோ சொன்னார். நங்கையா அவரிடம் ஏதோ சொன்னார். பிறகு மெதுவாகத் திரும்பினார். முகம் நனைந்திருந்தது. குரல் மட்டும் எப்போதும் போல.

"எறங்கி வாடி! பெரிய மனுசன் ஒருத்தரு காத்துக்கிட்டு இருக்கறாரு, உனக்கு வெக்கமா இல்ல?"

"பாட்டாச் சொல்லுங்க!" என்றேன் மைக்கில்.

கூட்டம் ஓவென்று சத்தம் போட்டது. "பாட்டாச் சொல்லு! பாட்டாச் சொல்லு!" முன்னே 'ஆரு கேட்டா' என்று கத்தினானே, அவன்தான் எல்லோரையும் விடச் சத்தமாகக் கத்தினான். நங்கையா முந்தானையால் முகத்தைத் துடைத்தார். மைக்கும் இல்லை, குழாயும் இல்லை. நின்ற இடத்திலிருந்தே, பதில் சொல்கிற தாழ்ந்த ராகத்தில், எனக்கு மட்டும் சொல்வது போலப் பாடினார்.

"நின்ன தண்ணி நிக்கட்டும் புள்ள,
நீ எறங்கி வாடி கீழ..."

எப்படி இறங்கினேன் என்று ஞாபகமில்லை. அவர் தோளிலிருந்த மூட்டையை நான் வாங்கிக்கொண்டது மட்டும் ஞாபகம். கனமே இல்லை. இரண்டு சேலையும் ஒரு சீப்பும்தான் அதில் இருந்தன. நான் எடுத்துத் தலை சீவின அதே சீப்பு.

கொழுந்தனாரை வெறுங்கையோடு அனுப்பவில்லை. நங்கையா அடுத்த வாரம் போய் அந்தப் பெண்சாதி எழுந்து நடமாடும்வரை ஒரு மாசம் இருந்து பார்த்துவிட்டுத்தான் வந்தார். ஆனால் வந்துவிட்டார். போகும்போதே வாசலில் நின்று, "வந்தர்றேன்" என்று இரண்டு தடவை சொல்லிவிட்டுத்தான் போனார்.

அன்று வீட்டுக்குத் திரும்பும்போது, நடந்துகொண்டே கேட்டேன். "நேராக் கேட்டிருக்கலாமில்லைங்க, என்னை?"

"நேராக் கேக்கறதுக்கா பாட்டுப் படிச்சோம்?" என்றார். கொஞ்ச தூரம் போனதும் அவரே சொன்னார்: "நேராக் கேட்டு, நீ போகச் சொல்லீட்டீன்னா? பாட்டுல கேட்டா, பாட்டுத்தானேன்னு மனசத் தேத்திக்கலாமில்ல."

என் வீட்டுக்காரர் முன்னால் போய்க்கொண்டிருந்தவர் திரும்பிப் பார்த்து, "நாஞ் சொன்னனில்ல, மழை பேஞ்சா வெயில் அடிக்கும்னு" என்றார். நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து அவரைத் திட்டினோம். இரண்டு பேரும் சேர்ந்து ஒருவரைத் திட்டி எத்தனை நாளாயிற்று! அவ்வளவு சந்தோஷமாக இருந்தது எனக்கு.

அந்த ஐப்பசியில் நங்கையா எனக்குக் கேள்விகளைச் சொல்லிக்கொடுத்தார். சொல்லிக்கொடுக்கும்போதுதான் தெரிந்தது, நான் வந்த நாளிலிருந்து எத்தனை கேள்வியை மாற்றி மாற்றிக் கேட்டிருக்கிறார் என்று. அம்மா நினைப்பு வருதா என்று கேட்டிருக்கிறார். தம்பி உன்னைச் சரியா வெச்சிருக்கானா என்று கேட்டிருக்கிறார். உப்பைப் பத்திச் சொன்னது உறைச்சுதா என்றுகூட ஒரு தரம் கேட்டிருக்கிறார். எல்லாவற்றுக்கும் நான் குருவி ஓட்டியிருக்கிறேன், அணிலைக் காட்டியிருக்கிறேன்.

அதன் பிறகு நான் தனியாக நிறைய இடத்தில் பாடிவிட்டேன். கேள்வியும் நானே, பதிலும் நானே. ரோடு வந்து பஸ் வந்த பிறகு அடிவாரத்துக்குக்கூடக் கூட்டிக்கொண்டு போய்ப் பாட வைத்தார்கள். ஒவ்வொரு தடவையும் மேலே ஏறும்போது கால் நடுங்கத்தான் செய்யும். அது போகவே இல்லை. ஆனால் கூட்டத்தைப் பார்த்துப் பயப்படுவதை விட்டுவிட்டேன். கூட்டத்தில் ஒரே ஒரு முகத்தைத் தேடுவேன். நங்கையா இருந்தவரை அவர் முகம். மூத்தவன், நடுவன், சின்னவள் என்று என் மூன்று பிள்ளைகளையும் இடுப்பில் சுமந்தவர். என் வீட்டில்தான் கண்ணை மூடினார். அதற்குப் பிறகு யாராவது முன்வரிசையில் பொரி விற்கிற அம்மா ஒருத்தியின் முகம்.

இப்போது பேரப் பிள்ளைகள் போனில் கூப்பிடுகிறார்கள். "பாட்டி, சாப்டியா? ஒடம்பு நல்லாருக்கா?" என்று கேட்கிறார்கள். நான் சட்டென்று சொல்லாமல் நிறுத்துவேன். "லைன் கட்டாயிருச்சா பாட்டி?" என்று கத்துவார்கள். கட்டாகவில்லை கண்ணுகளா, என் குரல் அந்த எதிர் மலைக்குப் போய்த் திரும்பி வந்ததே, அவ்வளவு நேரம் வாயை மூடிக்கொண்டு, நீங்கள் கேட்டது சோற்றைப் பற்றித்தானா என்று காது கொடுத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.